பெயர் வழிப் பெற்ற மரபு: குவாதலூப்புத் தீவின் ஓர் ஓவியர்

கரிபியன் கடலில் பிரான்சு நாட்டின் பகுதியாக விளங்கும் குவாதலூப்புத் தீவில் 1981ஆம் ஆண்டு பிறந்தவர் கெல்லி சினப்பா மேரி. ஓவியம், தையல் வேலைப்பாடு, சிற்பம் எனப் பலவற்றையும் ஒருங்கு கையாளும் கலைஞர் இவர். இவர் பெயரின் நடுவே நிற்கும் சொல், பிரெஞ்சு எழுத்தில் உருமாறியிருப்பினும், ‘சின்னப்பா’ என்னும் தமிழ்ப் பெயரே எனக் கொள்ளுதற்குத் தடையில்லை. ஆயினும், தம்மை ஆப்பிரிக்க வழியினராகவே எண்ணி வளர்ந்த இவர், தம் முன்னோர் தென்னிந்தியாவினின்று சென்ற ஒப்பந்தக் கூலிகள் என்பதைப் பின்னரே உணர்ந்தார். பெயர் நிலைபெற, நினைவு மட்டும் மறைந்தது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியவர்கள் இந்தியாவை நாடினர். 1854 திசம்பரில் ‘ஓரேலி’ என்னும் கப்பல் முதற் கூட்டத்தினரைக் குவாதலூப்பிற் சேர்த்தது. 1861இல் ஏற்பட்ட ஆங்கில, பிரெஞ்சு உடன்படிக்கை பிரித்தானிய இந்தியாவிலும் ஆள்சேர்க்க வழி திறந்தது. 1889 வரையில் 42,000 பேருக்கு மேல் அங்குச் சென்றனர். அவருள் வடநாட்டினரும் உளர். எனினும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளினின்று கப்பலேறிய தமிழர் பலராவர். ஊர் மீண்டோர் சிறு தொகையினரே. அங்கேயே பிறந்த வழித்தோன்றல்களின் குடியுரிமைக்காக என்றி சிதம்பரம் 1904இல் தொடங்கிய போராட்டம் 1923இலேதான் வெற்றி கண்டது.

இதனிடையே தமிழ் பேச்சு வழக்கினின்று நீங்கி வழிபாட்டில் ஒடுங்கிற்று. மாரியம்மன் ‘மாலியேமன்’ ஆயினாள். மதுரைவீரன் ‘மால்தேவிலன்’ ஆயினான். நாடகம் ‘நாத்ரோன்’ எனத் திரிந்தது. உரோமன் எழுத்தில் எழுதிவைத்த பாடல்களைப் பொருளறியாது பாடும் வழக்கமும் ஏற்பட்டது. பேச்சு மொழி கிரியோல். கல்வி மொழி பிரெஞ்சு. இந்நிலையில், குடும்பப் பெயரே தமிழின் எச்சமாய் நின்றதில் வியப்பில்லை.

இவ்வெச்சத்தினின்றே இவரது கலை தோன்றுகின்றது. மார்த்தினிக்குக் கவிஞர் ஏமே செசேர் 1939இல் வெளியிட்ட நெடும்பாட்டின் பெயர் தாயகம் மீளுதலைக் குறிப்பது. அதனை எதிர்மறையாக்கி, ‘தாயகம் மீளாமையின் குறிப்பேடு’ எனத் தம் படைப்பு வரிசைக்குப் பெயரிட்டார் இவர். அதில் வரும் ‘சான்பிரா’ என்னும் பள்ளிச் சிறுமியின் மேனியெங்கும் இலையும் கொடியும் படர்ந்துள்ளன. சென்னையில் வாழ்ந்த எலன் பானர்மன் என்னும் இசுக்காத்துலாந்து நூலாசிரியை 1899இல் வெளியிட்ட சிறுவர் கதையின் தலைவனாகிய ‘சாம்போ’வை இப்பெயர் நினைவூட்டுகின்றது. கருநிறத்தாரை இழித்துரைக்கும் சொல்லாகப் பின்னர்ப் பரவிய பெயர் அது. பிறர் நகைத்த குழந்தையை இவர் தம் கதையின் தலைவியாக்கினார்.

இவரை ‘நம்மவர்’ எனக் கொண்டாடுதல் எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. இவர் தேடுவது தமிழகத்தை அன்று. ஆப்பிரிக்க வழியினரோடு ஒரே மண்ணில் கலந்து வாழ்ந்த ஓர் இனம், அத்தீவிலேயே தனக்கென அமைத்துக்கொண்ட வரலாற்றையே இவர் தீட்டுகின்றார். கடல் கடந்த தமிழரைப் பற்றி எழுதுங்கால் எஞ்சிய சொற்களைத் தொகுப்பதோடு நாம் அமைதல் போதாது. அச்சொற்களை வேரூன்றச் செய்த புதிய நிலத்தையும் உடன் கற்றல் வேண்டும். மீளாமையையும் ஒரு மரபாக ஏற்கும் ஆய்வே அம்மக்களுக்கு நேர்மை செய்வதாகும்.