'அறுவை' என்றால் துணி, 'நீரிழிவு'ல் இழிவு இல்லை: திருமுக்கூடல் கல்வெட்டு முதல் ஸ்கேன் ரிப்போர்ட் வரை மருத்துவச் சொற்களின் கதை

ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் நல்லதா, கெட்டதா? பயாப்ஸி எடுக்கச் சொன்னாலே கேன்சர்தானா? காஞ்சிபுரம் பக்கம் கூரத்தில் இருந்து ஒருவர் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனாலும் சரி, சென்னைக்கு வந்தாலும் சரி, நோயைவிட முதலில் பயமுறுத்துவது சொற்கள்தான். இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன, அவற்றுக்கு உண்மையில் என்ன பொருள்?

பதில் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். கூரம் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்தது. அதில் ஒரு மருத்துவமனையின் மொத்தக் கணக்கும் இருக்கிறது.

15 படுக்கை, ஒரு டாக்டர், ஒரு சர்ஜன்

மருத்துவமனையின் பெயர் 'வீரசோழன்'. 15 நோயாளிகள் தங்கலாம். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் சம்பளம். அறுவை சிகிச்சை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை, விறகு கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், ஒரு நாவிதர். சர்ஜனுக்கு வைத்தியரில் மூன்றில் ஒரு பங்கு நெல்தான் என்பதைப் பார்த்தால் இன்றைய சர்ஜன்கள் சிரிப்பார்கள்.

மருத்துவமனையை அந்தக் கல்வெட்டு 'ஆதுலர் சாலை' என்கிறது. நோயுற்றவரைக் குறிக்கும் 'ஆதுர' என்ற வடசொல் தமிழ் வாயில் 'ஆதுலர்' ஆனது. தமிழில் அதற்கு 'ஆதரவற்ற ஏழை' என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. ஆங்கில 'ஹாஸ்பிடல்' லத்தீனில் விருந்தினரைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. 'ஹோட்டல்' அதற்கு உடன்பிறப்பு. பில் வரும்போது சிலருக்கு அது புரியும்.

மருந்துப் பட்டியல் இன்னும் சுவாரசியம். வாசா ஹரீதகி, லசுனாதி ஏரண்ட தைலம் என்று சுமார் 20 பெயர்கள். வாயில் நுழையவில்லையா? வாசா என்பது ஆடாதொடை, ஹரீதகி என்பது கடுக்காய். லசுனம் நம்ம பூண்டு, ஏரண்டம் ஆமணக்கு. பொருள் தெரு ஓரத்திலும் சமையலறையிலும் இருப்பதுதான், பெயர் மட்டும் படித்தவர் மொழியில். இன்றைக்கும் பிரிஸ்கிரிப்ஷனில் நடப்பது இதுதானே! இந்தக் கலப்பும் அந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துக் கூரம் செப்பேடே வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டதுதான்.

அம்பு, கை, துணி

சர்ஜனை அந்தக் கல்வெட்டு 'சல்லியக்கிரியை' செய்பவர் என்கிறது. சல்லியம் என்றால் அம்பு, முள் போல உடம்பில் தைத்த பொருள். அதைப் பிடுங்குவது சல்லியக்கிரியை. அறுவை சிகிச்சை போர்க்களத்தில் வளர்ந்ததன் தடம் அந்தச் சொல்லில் இருக்கிறது. 'சர்ஜரி'யின் கிரேக்க மூலத்துக்குப் பொருள் 'கைவேலை'.

இப்போது நாம் சொல்லும் 'அறுவை'யோ சங்க காலத்தில் துணி! தறியில் இருந்து அறுத்து எடுப்பதால் அந்தப் பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு சங்கப் புலவரே உண்டு. அவர் விற்றது ஜவுளி. பட்டு நெய்யும் காஞ்சிபுரத்துக்கு இந்தச் சொல் பொருத்தமானதுதான். நடுவில் மொக்கை ஜோக்குக்கும் 'அறுவை' என்ற பெயர் வந்தது தனிக் கதை.

'செவிலியர்' பாதை இதைவிட அழகு. சங்க இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். ஆங்கில 'நர்ஸ்' சொல்லின் லத்தீன் மூலத்துக்கும் பாலூட்டி வளர்ப்பது என்றே பொருள். இரண்டு மொழியும் தனித்தனியாக வளர்ப்புத் தாயிடமே போய் நின்றிருக்கின்றன.

நீரிழிவில் என்ன இழிவு?

ஒன்றும் இல்லை. பழந்தமிழில் 'இழிதல்' என்றால் கீழே இறங்குதல், வழிதல். அருவி இழிகிறது என்பார்கள். சிறுநீர் அதிகமாக வழிந்து போகும் நோய் என்பதால் நீரிழிவு. 'டயாபடீஸ்' என்ற கிரேக்கச் சொல்லும் 'ஊடே கடந்து போவது' என்றே பொருள்படும். அதோடு ஒட்டும் 'மெல்லிடஸ்' தேன் போல இனிப்பது. வடமொழி 'மதுமேகம்' கூட தேன் சிறுநீர்தான். ஆகவே நோயாளி யாரும் இந்தப் பெயரைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம்.

புற்றுநோயில் வேறு மாதிரி. கிரேக்கர்கள் கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகளில் நண்டின் கால்களைப் பார்த்தார்கள். அதனால் அவர்கள் வைத்த பெயர் 'நண்டு'. லத்தீனில் நண்டுக்குப் பெயர் 'கேன்சர்'. தமிழ் பார்த்தது கரையான் புற்றை. உள்ளே பரவிக்கொண்டே போகும் நோய்க்கு, என் கணக்கில், நண்டைவிடப் புற்று சரியான உவமை.

ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டியவை

இங்கேதான் சொல் தெரியாவிட்டால் ஆபத்து. 'பாசிட்டிவ்' என்றால் தேடியது இருக்கிறது என்று பொருள். நல்ல செய்தி என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது. 'நெகட்டிவ்' என்றால் அந்தச் சோதனையில் அது தென்படவில்லை. 'பயாப்ஸி' கிரேக்கத்தில் உயிர் + பார்த்தல். திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனை, அவ்வளவுதான். கேன்சர் என்ற தீர்ப்பு இல்லை, கேன்சர் இல்லை என்று உறுதி செய்யவும் அதுவே வழி. அதில் 'பினைன்' என்று வந்தால் லத்தீன்படி 'நல்ல குணம்', அதாவது புற்றுநோய் அல்லாத கட்டி. 'மாலிக்னன்ட்' என்றால் புற்று.

அதிகம் குழப்புவது 'கிரானிக்'. பலரும் இதை 'ரொம்ப முற்றியது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். க்ரோனோஸ் என்றால் கிரேக்கத்தில் காலம். நீண்ட நாளாக இருப்பது என்றுதான் பொருள், தீவிரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தமிழில் 'நாள்பட்ட' என்கிறோம், கச்சிதம். 'அக்யூட்' லத்தீனில் கூர்மை, திடீரென்று வருவது. 'கிரானிக்' என்று கேட்டு நடுங்கி, 'அக்யூட்'டைச் சாதாரணமாக விட்டுவிடுவது தலைகீழ். அக்யூட் அப்பெண்டிசைடிஸை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

இதை எல்லாம் தமிழிலேயே சொல்லிவிட முடியாதா? முயன்றவர் இருக்கிறார். அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847ல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுவை சிகிச்சை நூலுக்கு 'இரண வைத்தியம்' என்றும், உடற்கூறு நூலுக்கு 'மனுஷ அங்காதிபாதம்' என்றும் பெயர் வைத்தார். இரணம் என்ற சொல் இன்றும் 'ரணம்' என்று ஊரில் புழங்குகிறது, அங்காதிபாதம் மறைந்துவிட்டது. மானிப்பாயில் கிரீன் பெயரிலான மருத்துவமனை இன்னும் இருக்கிறது.