கச்சேரி வாசலும் காணி உறுதியும்

நவம்பர் 25 எங்கட பக்கத்தில் ஒரு இறுக்கமான நாள். 21இல் தொடங்கி 27 வரைக்கும் மாவீரர் வாரம். அதுக்கு நடுவில்தான் பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான சர்வதேச தினமும் வருகிறது. ஒரு சந்தியில் சிவப்பு மஞ்சள் கொடி, அடுத்த சந்தியில் செம்மஞ்சள் பதாகை. டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி ட்ருஹியோவை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர் 1960இல் அந்த நாளில்தான் கொல்லப்பட்டார்கள். 1999இல் ஐ.நா. அதைச் சர்வதேச தினமாக்கியது. இந்தக் கதை ஊர்வலத்தில் போகிற கனபேருக்குத் தெரியாது. ரீ-சேர்ட், தொப்பி, முடிவில் ஒரு சோர்ட் ஈற்ஸ் பெட்டி. "உது என்ஜிஓக்காரற்ற வேலை" என்று கன்ரீனில் இருந்து கதைக்கிற ஆக்களுக்கும் எங்கட பீடத்தில் குறைவில்லை.

அந்தக் கதைக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். போர் நடந்த ஊர்களில் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக எங்கட பெண்களே எடுத்த போராட்டத்துக்கு நாற்பது வருசம் ஆகிறது. செம்மஞ்சள் பதாகை வருவதற்கு முன்னமே அது தொடங்கிவிட்டது. இதில் இன்னொரு விசயமும் இருக்கு. அந்த வரலாற்றில் எது எங்களுக்கு ஞாபகம் இருக்கு, எது மறந்துபோச்சு என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். செய்தவன் சீருடை போட்டவன் என்றால் ஞாபகம் இருக்கும். செய்தவன் எங்கட வீட்டு ஆள், எங்கட ஊர் ஆள் என்றால் மறந்துபோகும்.

(பாதிக்கப்பட்ட பெண்களின் பெயர்களை நாங்கள் எழுதவில்லை. வழக்கு, கவிதை, முகப்புத்தகம் எல்லாவற்றிலும் அவர்களின் பெயர்தான் நிற்கிறது, செய்தவர்களின் பெயர் ஒருத்தருக்கும் வாயில் வராது.)

1984இல் யாழ்ப்பாணத்தில் இராணுவம் சுற்றிவளைத்து நூற்றுக்கணக்கான இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனது. பிள்ளைகளைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மார் சேர்ந்து அன்னையர் முன்னணியைத் தொடங்கினார்கள். கச்சேரிக்கு ஊர்வலமாகப் போய் அரசாங்க அதிபரிடம் நியாயம் கேட்டார்கள். ஆண்கள் வீதிக்கு இறங்கினால் சூடு விழும் என்ற நேரம் அது. தாய் என்று சொல்லிக்கொண்டு போனால் ஆமிக்காரனும் ஒரு கணம் யோசிப்பான் என்ற கணக்கும் அதுக்குள் இருந்தது. பிறகு கிழக்கிலும் அன்னையர் முன்னணி உருவானது. 1988 மார்ச் 19இல் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலடியில் இந்தியப் படைக்கு எதிராக உண்ணாவிரதம் தொடங்கி, ஏப்ரல் 19இல் உயிர்விட்ட அன்னை பூபதி அந்த முன்னணியின் ஆள். அவரை ஒவ்வொரு வருசமும் நினைவுகூருகிறோம். அவரோடு நின்ற மற்றப் பெண்கள் என்ன வேலை செய்தார்கள், முன்னணி எப்படிக் கூடியது, எப்படிக் கலைந்தது என்று ஒரு மேடையிலும் கதைப்பதில்லை.

தாய்மார் போராட்டத்துக்கு ஒரு எல்லையும் இருந்தது. "என்ர பிள்ளையப் பிடிச்சிட்டாங்கள்" என்று ஒரு தாய் கச்சேரி வாசலில் நின்று கத்தலாம், ஊரே அவவோடு நிற்கும். "என்ர பிள்ளையக் கெடுத்துப்போட்டாங்கள்" என்று அதே தாய் அதே வாசலில் நின்று சொல்ல முடியாது. சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் இல்லை, தங்கச்சிக்கும் இல்லை, குடும்பம் ஊரை விட்டுப் போகவேண்டியதுதான்.

இந்த வாயடைப்பை உடைக்கப் பார்த்தவர்களில் பலர் எங்களைப்போல வளாகத்துப் பிள்ளைகளும் விரிவுரையாளர்களும்தான். யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் 'சொல்லாத சேதிகள்' என்ற பெண் கவிஞர்களின் தொகுப்பைக் கொண்டுவந்தது. தலைப்பே விசயத்தைச் சொல்லும். அடுத்த வருசம் ஒக்ரோபரில் இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்குள் சண்டைக்கு இறங்கியது. யாழ். பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, அந்த மாதங்களில் பெண்களுக்கு நடந்ததை அவர்களின் வாயாலேயே கேட்டு எழுதினார். அது 'முறிந்த பனை' நூலில் ஒரு பகுதியாக இருக்கு. அதில் படையினர் செய்ததை ஒளிக்காமல் எழுதினார். அதுக்குப் பிறகு எங்கட சமூகம் அந்தப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதையும் அதே நேர்மையோடு எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. போக்கிடம் இல்லாத பெண்களுக்காகப் 'பூரணி' இல்லத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

1989 செப்ரெம்பர் 21இல் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ராஜினியைச் சுட்டுக் கொன்றார்கள். வயசு 35. அவரோடு வேலை செய்த மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு, புலிகளே செய்தார்கள் என்று தொடர்ந்து சொல்லிவருகிறது. பூரணியோடு நின்ற, 'தோழி' இதழை நடத்திய கவிஞர் செல்வி, நாடகமும் அரங்கியலும் படித்த மாணவி. அவரை 1991 ஓகஸ்ட் 30இல் புலிகள் பிடித்துப்போனார்கள், திரும்பி வரவில்லை. புலிகள் பின்னர் தங்கட நீதிமன்றங்களில் குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையை விசாரித்தார்கள், தண்டித்தார்கள். அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் பெண்களாகச் சேர்ந்து, ஒருத்தரிடமும் அனுமதி கேட்காமல், எல்லாத் துப்பாக்கியையும் கேள்வி கேட்கலாம் என்ற இடம் வடக்கில் அத்தோடு மூடிப்போனது.

தொடர்ச்சி கிழக்கில்தான் கிடைக்கிறது. 1990 யூனில் யுத்தம் திரும்பத் தொடங்க, வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பு முகாம்களில் இருந்த பெண்களுக்காக 1991இல் ஒரு குழு சேர்ந்தது. அதுதான் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம். 1993இல் அது மட்டக்களப்புக்கு வந்தது. அந்த நேரத்து மட்டக்களப்பை யோசித்துப் பாருங்கோ. சந்திக்குச் சந்தி சென்றி. ஒரு பக்கம் ஆமியும் அதிரடிப்படையும், மறுபக்கம் வாவிக்கு அங்கால புலிகள், நடுவில் ஆயுதக் குழுக்கள். 1990 கொலைகளுக்குப் பிறகு தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் முகம் பார்க்காத காலம். இதுக்குள் இருந்துகொண்டு, இரண்டு பக்கத்துப் பெண்களோடும் வேலை செய்தார்கள். பொலிசுக்குப் போகப் பயந்த பெண்ணோடு கூடப் போனார்கள். நீதிமன்றத் திகதிக்குத் திகதி கூட நின்றார்கள். பாட்டுக் கட்டினார்கள், தெருவில் நாடகம் போட்டார்கள், 'பெண்' என்ற சஞ்சிகையைக் கொண்டுவந்தார்கள்.

அந்தத் தசாப்தத்தில் படையினர் செய்த குற்றங்கள் கொஞ்சநஞ்சமில்லை. 1996 செப்ரெம்பரில் பரீட்சை எழுதிவிட்டு வந்த மாணவி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும்கூட. 1998 யூலையில் தீர்ப்பு வந்தது, செம்மணிப் புதைகுழி பற்றி உலகத்துக்குத் தெரிந்ததே அந்த வழக்கில் குற்றவாளி சொன்ன வாக்குமூலத்தால்தான். அப்படித் தீர்ப்பு வந்தது அபூர்வம். 2001இல் மன்னாரில் இரண்டு பெண்களுக்கு நடந்த கொடுமை பற்றிய வழக்கு அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. முறைப்பாடு செய்த தமிழ்ப் பெண், தனக்குத் தெரியாத பாசை பேசுகிற ஊருக்கு, படையினர் நிறைந்த வீதியால் போய்ச் சாட்சி சொல்லவேண்டும். வழக்கை விழுத்த இதைவிட இலேசான வழி வேணுமா?

இதெல்லாம் எங்களுக்கு ஓரளவு தெரிந்த வரலாறு. தெரியாதது, அதே பெண்கள் அமைப்புகளின் வாசலுக்கு வந்த மற்ற முறைப்பாடுகள். குடித்துவிட்டு அடிக்கிற புருசன், சீதனம் காணாது என்று துரத்துகிற மாமியார் வீடு, சித்தப்பன். வெளியில் இத்தனை பெரிய அழிவு நடக்கும்போது இதைப்போய்க் கதைக்கிறதா என்று கேட்டவர்களுக்கு மட்டக்களப்புப் பெண்கள் சொன்ன பதில் எங்களுக்குப் பிடித்திருக்கு. இரண்டையும் ஒரே கொப்பியில்தான் பதிந்தார்கள்.

அந்த வேலையின் முழுக் கனமும் தெரிந்தது 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு. இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு கிழக்கின் வழக்கம் வேற.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் சரி முஸ்லிம்களிடமும் சரி, வீடு பெண்ணுக்குச் சொந்தம். கலியாணத்துக்குச் சீதனமாக வீடும் வளவும் மகளின் பெயருக்கு எழுதப்படும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அக்கா, தங்கச்சி, பெரியம்மா எல்லாரும் ஒரே ஒழுங்கைக்குள் இருப்பார்கள். அதனால் அங்கே அடி இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை, அடி எல்லா ஊரிலும் இருக்கு. ஆனால் கை நீட்டுகிறவன் அவளின் ஆக்களுக்குக் கேட்கிற தூரத்தில் நின்று நீட்டவேண்டும். மிஞ்சிப் போனால் படியிறங்கவேண்டியவன் அவன்தான். வீடு அவளுடையது.

கடல் வந்து அந்த ஒழுங்கைகளையே கொண்டுபோனது. அரசாங்கம் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் திரும்பக் கட்டக்கூடாது என்றது. புதுக் காணி வேறெங்கோ கொடுபட்டது. விண்ணப்பப் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கோடு. அதில் ஆணின் பெயர் விழுந்தது. மாதம் 5,000 ரூபா நிவாரணம் அவரின் கைக்குப் போனது, வீட்டுக் கொடுப்பனவு அவரின் கணக்குக்குப் போனது, கடைசியில் உறுதியும் அவரின் பெயரில் வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த சொத்தை ஒரு படிவத்தின் ஒரு கோடு ஆளை மாற்றிக் கொடுத்துவிட்டது. ஒருத்தரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றுதான் சொல்வார்கள். அதுதான் எங்களுக்குக் கோபம் வருகிற இடம்: யோசிக்காமலே ஆணை நோக்கிச் சரிகிற கடதாசி.

மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகளும் தனியாட்களும் சேர்ந்து அனர்த்த முகாமைத்துவத்துக்கான பெண்கள் கூட்டணி ஒன்றை உருவாக்கினார்கள். முகாம்களுக்குப் போய், மலசலகூடம் எவ்வளவு தூரம், வெளிச்சம் இருக்கா, உடுப்பு மாற்ற மறைப்பு இருக்கா, தகரத்துக்கு அந்தப்பக்கம் ஆர் இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதினார்கள். முகாமுக்குள் அடி கூடுவதைப் பதிந்தார்கள். அதோடு நிற்காமல் காணி உறுதியையும் பிடித்தார்கள். வன்முறைக்கு எதிரான பிரசாரத்துக்கும் காணிக் கந்தோருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அடிக்கிறவனை வெளியே போகச் சொல்லப் பெண்ணுக்குக் கையில் ஏதாவது இருக்கவேண்டும். கிழக்கில் அது உறுதிப் பத்திரமாக இருந்தது.

அடுத்த வருசம், 2005இல், 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. நீதவானிடம் போய்ப் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாளுக்கு, முழுக் கட்டளை கூடியது 12 மாதத்துக்கு. நல்ல சட்டம்தான். ஆனால் 12 மாதம் முடிய அவள் திரும்பிப் போகிற வீடு ஆருடையது என்று சட்டம் கேட்பதில்லை. அரச காணிகளை ஆளுகிற 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பெயர் குறிப்பிடாமல் ஒருவர் இறந்தால் மகளுக்கு முன்னம் மகனுக்குத்தான் காணி போகும் என்ற ஏற்பாடு 2022இல்தான் திருத்தப்பட்டது. 87 வருசம்.

2015 மே 13இல் புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன 18 வயது மாணவி கூட்டு வன்புணர்வுக்குப் பிறகு கொல்லப்பட்டார். பிடிபட்டவர்கள் சீருடைக்காரர் இல்லை, எங்கட ஆண்கள். வடக்கே கொதித்தது. ஹர்த்தால், கடையடைப்பு, 20ஆம் திகதி யாழ். நீதிமன்றக் கட்டடத்துக்குக் கல்லெறி, நூற்றுக்கு மேற்பட்டோர் கைது. 2017 செப்ரெம்பர் 27இல் மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தக் கோபம் பொய் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அது எங்கே போனது என்று பாருங்கோ. தூக்கில போடு என்றார்கள், போதைப்பொருள் என்றார்கள், பொம்பிளைப் பிள்ளைகளைத் தனிய அனுப்பாதேங்கோ என்றார்கள். எங்கட வீடுகளில் பிள்ளைகள் எப்படி ஆண்களாக வளருகிறார்கள் என்ற கதை வரவேயில்லை. கிழக்குப் பெண்கள் 1993இலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது, 2015இலும் பலருக்குப் புதினமாக இருந்தது.

2022இல் பெற்றோல் வரிசையும் எரிவாயு வரிசையுமாக நாடு நின்றபோது, மட்டக்களப்புப் பெண்கள் நீதிக்கான நடை என்று நகர வீதியால் நடக்கத் தொடங்கினார்கள். கையில் எழுதிய அட்டைகள், பாட்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்கள், நுண்கடன், பால்மா விலை, வீட்டுக்குள் அடி, எல்லாமே ஒரே ஊர்வலத்துக்குள் இருந்தது.

எங்கட துறையில் இலங்கை வரலாற்றுக்கு இருக்கிற வாசிப்புப் பட்டியலில் இவற்றில் ஒன்றுமே இல்லை. 'சொல்லாத சேதிகள்' நூலகம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 'பெண்' சஞ்சிகையின் பழைய இதழ்கள் ஆரிடமாவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கோ, அடுத்ததாக அவற்றை வாசித்து எழுத யோசித்திருக்கிறோம்.