பிணைய இயக்கிகளில் நினைவக ஒதுக்கீட்டுத் தோல்வி

பிணைய அட்டைக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் நின்று தரவுப் பொதிகளை வாங்கிக் கொடுக்கும் இயக்கி நிரல், இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலிடம் நினைவகம் கேட்டும் கிடைக்காமல் போவதே ஒதுக்கீட்டுத் தோல்வி எனப்படுகிறது. பயனர் நிரல் இவ்வாறு தோற்றால் பெரும்பாலும் அது மட்டுமே நிற்கும். இயக்கியோ கெர்னலுக்குள்ளேயே ஓடுவதால், அது செய்யும் பிழை கணினியையே நிறுத்திவிடக்கூடும். இங்கு விளக்கப்படுவது லினக்ஸ் கெர்னலின் நடைமுறையாகும்.

பொதி வந்த செய்தியை அட்டை, செயலியின் நடப்பு வேலையை இடைமறிக்கும் குறுக்கீட்டுச் சைகையால் அறிவிக்கிறது. அச்சூழலில் ஓடும் நிரல் உறங்கவோ காத்திருக்கவோ கூடாது என்பதால், காத்திருந்து பெறும் ‘ஜிஎஃப்பி கெர்னல்’ கோரிக்கையை விட்டு, இருப்பதிலிருந்து உடனே தரும் அல்லது உடனே மறுக்கும் ‘ஜிஎஃப்பி அட்டாமிக்’ கோரிக்கையை இயக்கி பயன்படுத்துகிறது. 9000 பைட்டுப் பெரும்பொதியை ஒரே துண்டில் வைக்க 4096 பைட்டுப் பக்கங்கள் நான்கு அடுத்தடுத்துத் தேவைப்படும். நினைவகம் சிதறிக் கிடந்தால், வெற்றிடம் போதிய அளவு இருந்தும் கோரிக்கை தோற்கும். ஆகவே பல இயக்கிகள் தனித்தனிப் பக்கங்களில் பொதியை வாங்கிக் கோத்துக்கொள்கின்றன.

பெறும் திசையில்தான் இச்சிக்கல் கூர்மையடைகிறது. அட்டை, பெறுவளையம் என்னும் வட்ட வரிசையில் இயக்கி முன்கூட்டியே வைத்த வெற்று இடையகங்களில் பொதிகளை எழுதுகிறது. நிரம்பிய இடையகத்தை மேலடுக்குக்குக் கொடுத்துவிட்டு அதன்பின் புதியதைத் தேடும் இயக்கி, ஒவ்வொரு தோல்விக்கும் வளையத்தில் ஓரிடத்தை இழக்கிறது. இறுதியில் வளையம் வெறுமையானால் பொதி வராது, பொதி வராததால் குறுக்கீடும் எழாது, குறுக்கீடு எழாததால் வளையத்தை நிரப்பும் நிரலும் ஓடாது. நினைவகம் பின்னர் தாராளமாகக் கிடைத்தாலும் இணைப்பு ஊமையாகவே கிடக்கும். புதிய இடையகத்தை முதலில் கேட்டு, கிடைக்காவிடில் வந்த பொதியைக் கைவிட்டு, பழைய இடையகத்தையே வளையத்தில் மீண்டும் வைப்பது இதற்கு உறுதியான தீர்வு. டிசிபி நெறிமுறை இழந்த பொதியை மறுபடி அனுப்பச் செய்யும். இழந்த வளையத்தை மீட்டுத்தர எந்த நெறிமுறையும் இல்லை. மெய்நிகர் கணினிகளுக்கான விர்ட்டியோ இயக்கி, நிரப்புதல் தோற்றால் சற்று நேரம் கழித்து மீண்டும் முயலும் பணியைக் குறித்துவைத்து இந்த முடக்கத்தைத் தவிர்க்கிறது.

அனுப்பும் திசையில் ஒதுக்கீடு தோற்றால், பொதியை விடுவித்து, இழப்பு எண்ணியை உயர்த்தி, அனுப்பியதாகவே விடை தருவது மரபு. அங்கு ‘வேலை மிகுதி’ என விடை தந்தால் கெர்னல் அதே பொதியை மீண்டும் மீண்டும் கொண்டுவரும். இயக்கி தொடங்கும்போதே ஒதுக்கீடு தோற்றால், அதுவரை பெற்றவற்றைப் பெற்றதற்கு எதிர்வரிசையில் விடுவித்துப் பிழைக்குறியுடன் திரும்ப வேண்டும்.

பிணையத்துக்கு அப்பாலுள்ள வட்டில் நினைவகப் பக்கங்களை இறக்கிவைக்கும் கணினியில், நினைவகத்தை விடுவிக்கவே நினைவகம் வேண்டியிருக்கிறது. 2012இல் வெளிவந்த லினக்ஸ் 3.6, அவசரச் சேமிப்பிலிருந்து ஒதுக்கிய இடையகங்களுக்கு அடையாளமிட்டு, அப்பணிக்குரிய இணைப்புகளைச் சேராத பொதி அவற்றில் வந்தால் அதைக் கைவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பக்கங்களை மறுபயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளும் இயக்கிகள், அந்த அடையாளமுள்ள பக்கங்களைத் தம்மிடம் வைக்காமல் கெர்னலிடமே திருப்பித் தருகின்றன.