எழுந்தவனும் எழாதவனும்

வெள்ளிமலையைச் சூழ்ந்த கல்வராயன் காடுகளில் கடுக்காயைப் போலவே தான்றியும் வளர்கிறது. திரிபலாச் சூரணத்தின் மூன்றில் ஒரு பங்காக மட்டுமே நம்மில் பலர் அதனை அறிவோம். வேதகாலத்துச் சூதாடிகள் உருட்டிய காய்கள் இந்தத் தான்றிக் கொட்டைகளே. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், மனைவியையும் மதிப்பையும் இழந்த சூதாடி ஒருவன் அவற்றை நொந்து புலம்பும் பாடல் ஒன்று இருக்கிறது.

மலையை விட்டுக் கச்சிராயபாளையம் வழியே கீழிறங்கினால் வருவது திரௌபதி அம்மன் கோயில்களின் நாடு. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் தீமிதி என்று நடக்கும் திருவிழாக்களில் 'சூது துகில்' கூத்துக்குத் தனிக் கூட்டம் சேரும். பிரசங்கியார் கையில் இருப்பது பெரும்பாலும் வில்லிபாரதம். அதைப் பாடிய வில்லிபுத்தூராரும் இந்த நடுநாட்டுக்காரரே. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். அவருடைய சபாபருவத்தில் 'சூதுபோர்ச் சருக்கம்' எனத் தனிச் சருக்கமே உண்டு.

சூது தீது என்பது வள்ளுவர் காலத்திலேயே முடிந்துபோன வாதம். தொண்ணூற்று நான்காம் அதிகாரத்தில் அவர் சூதில் வென்ற பொருளையும் மீனுக்குப் போட்ட தூண்டிலாகவே காண்கிறார். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அதைவிடச் சிறிய, ஆனால் கடினமான ஒரு கணத்தை. எதிரி மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிட்டான். ஏற்பதா, எழுவதா?

போக்கர் போட்டிகளில் இந்நிலைக்கு 'ஆல்-இன்' என்று பெயர், முழுப்பணயம் எனலாம். எதிரே இருப்பவனுக்கு இரண்டே வழிகள்: ஈடான வில்லைகளை வைத்து ஏற்கலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு இதுவரை போட்டதோடு விலகலாம். நம் ஊர் ரம்மிக்காரர்கள் 'ஸ்கூட்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வதும் இவ்வகை விலகலைத்தான். ஏற்பதன் கணக்கு எளிது. நடுவில் 60,000 வில்லைகள் கிடக்க, எதிரி மேலும் 60,000 வைக்கிறான் என்றால், நாம் 60,000 கொடுத்து 1,20,000 வெல்லப் பார்க்கிறோம். மூன்றில் ஒரு முறை வெல்லும் வாய்ப்பிருந்தால் நட்டமில்லை.

போட்டியில் இந்தக் கணக்கு கோணலாகிவிடும். மூவர் மிஞ்சியிருக்கிறார்கள், மூவரிடமும் சம வில்லைகள், மொத்தப் பரிசு நூறு ரூபாய், அது 50, 30, 20 எனப் பிரியும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒவ்வொருவர் இடத்துக்கும் மதிப்பு 33 ரூபாய் சொச்சம். ஒருவனுடைய முழுப்பணயத்தை ஏற்று வென்றால் நம் வில்லைகள் இரட்டிக்கும். ஆனால் நம் இடத்தின் மதிப்பு 43 ரூபாய் சொச்சம்தான் ஆகிறது. தோற்றாலோ 20 ரூபாயோடு வெளியே போகவேண்டும். பத்தைப் பெற பதின்மூன்றைப் பணயம் வைக்கிறோம். ஆகவே பாதிக்குப் பாதி வாய்ப்பு போதாது. நூற்றுக்கு 57 தேவை. வந்த வில்லையைவிடப் போன வில்லை விலை கூடியது. டானியல் பெர்னௌலி 1738இல், ஒரு தொகையின் மதிப்பு அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று எழுதியதன் நெருங்கிய உறவு இது.

கணக்கு தெரிந்தவர்களும் தடுமாறுவதுண்டு. 2003ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். இறுதியில் எஞ்சியவர் இருவர்: பழுத்த ஆட்டக்காரரான சாமி ஃபர்ஹா, டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிரிஸ் மணிமேக்கர். (பெயர் கற்பனையன்று, பெற்றோர் வைத்ததுதான்.) ஒரு கையில் மணிமேக்கர், எதிர்பார்த்த சீட்டு எதுவும் வராத நிலையில், முழுப்பணயம் என்றார். ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது. இனச்சீட்டுக்குக் காத்திருந்து தவறவிட்டாய் போலிருக்கிறது என்று அவர் வாய்விட்டே சொன்னார். ஊகம் சரி. ஆனாலும் சீட்டைக் கவிழ்த்துவிட்டார். சற்று நேரத்தில் பட்டமும் 25 லட்சம் டாலரும் மணிமேக்கருக்குப் போயின. ஃபர்ஹாவைக் கோழை என்போர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரியைச் சரியாக ஊகிப்பது வேறு, அந்த ஊகத்தின் மேல் அனைத்தையும் வைப்பது வேறு.

இனித் தருமனிடம் வருவோம். அத்தினாபுரத்தில் சகுனி காத்திருக்கிறான் என்பதை விதுரன் முன்னரே சொல்லிவிட்டான். ஆட்டத்தில் ஒவ்வொரு உருட்டுக்குப் பின்னும் சகுனி வாயில் வருவது 'வென்றேன்' என்ற ஒரே சொல். எத்தனை முறை அதைக் கேட்டால் ஒருவன் தன் வாய்ப்பைக் கணித்துக்கொள்வான்? செல்வம், நாடு, தம்பியர், இறுதியில் தானும் போனபின் சகுனி நினைவூட்டுகிறான்: இன்னும் ஒரு பணயம் மிச்சமிருக்கிறது, பாஞ்சாலியை வைத்து உன்னை மீட்டுக்கொள். தருமன் ஏற்கிறான்.

போக்கர் மேசையில் ஒரு விதி உண்டு. கை தொடங்கும்போது மேசைமேல் இருப்பதை மட்டுமே வைக்கலாம். நடுவில் சட்டைப்பையிலிருந்தோ வீட்டிலிருந்தோ எடுத்துவர முடியாது. முழுப்பணயம் என்ற நிலையே இவ்விதியால்தான் பிறந்தது. இருப்பது தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. அத்தினாபுரத்துச் சபையில் இல்லாதது இந்த விதிதான். அவைக்கு இழுத்துவரச் சென்ற தேர்ப்பாகனிடம் திரௌபதி கேட்டனுப்பிய கேள்வியை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம்: முதலில் இழந்தது தன்னையா, என்னையா? வில்லை தீர்ந்தவன் வைத்த பணயம் செல்லுமா என்று அவள் கேட்கிறாள். பீஷ்மரால் விடை சொல்ல முடியவில்லை.

இதே பாரதத்தின் வனபருவத்தில் நளன் கதை வருகிறது. நம்மில் பலர் புகழேந்தியின் நளவெண்பா வழியே அறிந்த கதை. நளனும் நாடிழந்து நிற்கிறான். புட்கரனும் சகுனியைப் போலவே சொல்கிறான்: தமயந்தி மிச்சமிருக்கிறாள், அவளை வை. நளன் ஒன்றும் பேசாமல் அணிகலன்களைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போகிறான். கலி பிடித்தவனாலும் அந்த ஒரு கணத்தில் எழ முடிந்தது. தருமதேவதையின் மகனால் முடியவில்லை. பாரதத்தைத் தொகுத்தவர்கள் இவ்விரண்டு காட்சிகளையும் ஒரே நூலுக்குள் வைத்தது தற்செயல் என்று நாம் நம்பவில்லை.

தருமன் இரண்டாம் முறையும் அமர்ந்தான் என்பதைப் பாரதியின் பாஞ்சாலி சபதத்தோடு நின்றுவிடுபவர்கள் மறந்துவிடுவார்கள். அந்நூல் சபதத்தோடு முடிகிறது. வியாச பாரதத்தில் திருதராட்டிரன் வரம் தந்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தபின், வழியிலேயே மறுபடி அழைப்பு வருகிறது. ஒரே உருட்டு, தோற்றவர்க்குப் பன்னிரண்டாண்டு வனவாசம், ஓராண்டு மறைந்த வாழ்வு. அழிவு என்று தெரிந்தேதான் அவன் திரும்புகிறான். பெரியப்பன் கட்டளை, அழைத்தால் மறுப்பதில்லை என்ற விரதம் என இரண்டு காரணங்கள். முதல் ஆட்டத்தை மயக்கம் என்று மன்னிக்கலாம், இரண்டாவதை எப்படி?

இக்கேள்வி நம் காலத்தில் சட்டமன்றத்துக்கும் வந்தது. தமிழ்நாட்டில் 2022இல் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்ற இணையச் சூதாட்டத் தடைச் சட்டம், ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாக ஏற்று, அப்பட்டியலை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா தற்செயலா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. ஏற்பதா விலகுவதா என்ற முடிவில் திறமை உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கைப்பேசியில் ஒரு கை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கடன்பணம் வந்து மேசையை மறுபடி நிரப்பிவிடுகிறது. அங்கே மேசைக்கு விளிம்பே கிடையாது.

நளன் பிறகு இருதுபன்னனிடம் காயின் இரகசியத்தைக் கற்கிறான். ஒரு கிளையைப் பார்த்தே இலையும் காயும் எத்தனை என்று அம்மன்னன் சொல்ல, நளன் எண்ணிப் பார்த்து வியக்கிறான். நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹேக்கிங் 1975இல் இக்காட்சியை எடுத்துக்காட்டினார். அந்த மரமும் தான்றிதான். திரும்பி வந்த நளன் அனைத்தையும் ஒரே உருட்டில் வைக்க, எதிரி என்ன கற்று வந்திருக்கிறான் என்று யோசிக்காமல், தமயந்தி நினைப்பில் மகிழ்ந்து ஏற்றவன் புட்கரன்.

கதையைச் சொல்லி முடித்த பிருகதசுவ முனிவர் அதே இரகசியத்தைத் தருமனுக்கும் கற்பிக்கிறார். பதின்மூன்றாம் ஆண்டில் அவன் கங்கன் என்ற பெயரில் விராட மன்னனுக்குச் சூதாட்டத் துணையாக வேலை பார்த்தான். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே ஏதோ மறுத்துப் பேச, சினந்த விராடன் கையிலிருந்த காயை அவன் முகத்தில் வீசினான். மூக்கிலிருந்து வழிந்த குருதி தரையில் விழாமல் தன் கையால் ஏந்திக்கொண்டான் தருமன். திரௌபதி பாத்திரம் எடுத்துவர ஓடினாள்.