மக்குவாரி: சிட்னிக்கு உருக்கொடுத்த ஸ்காட்லாந்து படையதிகாரி

சிட்னி வாழ் தமிழர்கள் மக்குவாரி என்ற பெயரை வீதியிலும் பல்கலைக்கழகத்திலும் அன்றாடம் காண்கின்றனர். அப்பெயருக்குரியவர் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் போரிட்டவர் என்பது பலரும் அறியாத செய்தி.

ஸ்காட்லாந்தின் உல்வா தீவில் 1762-இல் பிறந்த லக்லான் மக்குவாரி, குலத்தலைவரின் உறவினர் எனினும் எளிய குடும்பத்தவர். 1796-இல் டச்சுக்காரரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் படையிலும், 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையிலும் அவர் இடம்பெற்றிருந்தார். அதற்கு முன்னர், 1795-இல், கொச்சியில் இரு சிறுவர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கினார். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் ஜார்விஸ் இறுதிவரை அவரது பணியாளராக இருந்தார்.

1810 முதல் 1821 வரை நியூ சவுத் வேல்ஸ் ஆளுநராக இருந்த மக்குவாரி, தண்டனை முடித்த கைதிகளுக்குச் சம மதிப்பளித்தார். கள்ள ஆவணக் குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்ட பிரான்சிஸ் கிரீன்வேயை அரசின் கட்டடக் கலைஞராக்கினார். செல்வந்தர்கள் சினந்தனர், லண்டன் விசாரணை அதிகாரியை அனுப்பியது.

அந்தப் பரிவு பூர்வகுடிகளை எட்டவில்லை. 1816 ஏப்ரலில் அவர் அனுப்பிய படையினர், சிட்னிக்குத் தென்மேற்கே ஆப்பின் அருகே, குறைந்தது 14 பேரைக் கொன்றனர். எதிர்த்து மாளும் ஆண்களின் உடல்களை மரங்களில் தொங்கவிடவும் அவர் ஆணையிட்டிருந்தார்.

2013-இல் சிட்னி ஹைட் பூங்காவில் நிறுவப்பட்ட சிலையின் கல்வெட்டு அவரைப் பண்பாளர் எனப் புகழ்ந்தது. 2017-இல் அச்சிலைமீது எதிர்ப்பு வாசகங்கள் பூசப்பட்டன.