நடுக்கூடம் யாருக்கு?

மொழியை மட்டும் தனியே பிரித்தெடுத்து எவராலும் கற்பிக்க இயலாது. ஆங்கிலப் பாடம் வந்தால், ஆங்கிலேயரின் ஊர் வரும், உணவு வரும், உவமையும் வரும். வரட்டும்! விருந்தாளி வருவதில் கேடில்லை. வந்தவர், வீட்டுக்காரரைத் திண்ணைக்குத் தள்ளிவிட்டு நடுக்கூடத்தில் அமர்ந்துகொண்டால்தான் கேடு. அக்கேட்டுக்கு ஆளான நாடு கென்யா. அதனைத் தட்டிக் கேட்டவர்களும் அங்கேதான் தோன்றினர்.

1952-ல் வெள்ளையராட்சி அங்கே நெருக்கடி நிலையை அறிவித்தது. நாட்டுப் பற்றாளர் நடத்திவந்த பள்ளிகளைப் பறித்துக்கொண்டது. ஆங்கிலம் அரியணை ஏறிற்று. பள்ளி எல்லைக்குள் தாய்மொழியாம் கிக்கூயுவில் பேசினால் பிரம்படி! அல்லது, 'நான் முட்டாள்' என்றெழுதிய தகடு கழுத்திலே தொங்கும்! மற்றப் பாடங்களில் மலையளவு மதிப்பெண் பெற்றாலும், ஆங்கிலத்தில் தவறியவர் தேர்விலேயே தவறியவர். அந்நாளில் அங்கே பயின்ற எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, 1986-ல் வெளியிட்ட நூலிலே இவற்றை எழுதிவைத்தார்.

1963-ல் விடுதலை வந்தது. கொடி மாறிற்று, கொலுவிருந்தோர் மாறினர், பாடத்திட்டமோ மாறவில்லை! நைரோபிப் பல்கலைக் கழகக் கல்லூரியில் இலக்கியம் என்றால் ஆங்கிலத் துறைதான். 1968 அக்டோபரில் கூகி, ஹென்றி ஓவோர்-அன்யும்பா, தாபன் லோ லியோங் ஆகிய மூவரும் ஓர் அறிக்கை தீட்டினர். ஆங்கிலத் துறையை நீக்குக என்றனர்.

ஆங்கிலத்தின் மீது பகையா? அன்று! ஆப்பிரிக்கா நடுவிலே நிற்கட்டும். அங்கு நின்றுகொண்டு பிற நாட்டு இலக்கியங்களை நோக்குவோம். ஏட்டிலே ஏறாத வாய்மொழிக் கதையும் பாட்டும் பாடமாகட்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. வாதங்கள் மூண்டன. பின்னர் அங்கே ஆங்கிலத் துறை இருந்த இடத்தில் இலக்கியத் துறை எழுந்தது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? அயலார் பண்பாட்டை அறிவது அறிவு; அதுவே அளவுகோல் என்று பணிவது அடிமைத்தனம். நம்முடையது என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவதும் பகுத்தறிவன்று.

எனவே, ஆங்கில வகுப்பில் அமரும் இளைஞர்களை நாம் வேண்டுவது இதுதான்: கற்றுக்கொள்ளுங்கள், கூடவே கேளுங்கள்! பாடப் புத்தகம் காட்டும் இந்த வாழ்க்கை யாருடையது? எக்காலத்தது? அந்நாட்டு உழவரும் தொழிலாளரும் இதில் எங்கே?

கேள்விக்கு இடம் தரும் வகுப்பே கல்விக் கூடம். மற்றது, கூரை வேய்ந்த கூண்டு!