எந்த ஊர்க்காரர் கடை? இன்றைக்கு என்ன மீன்?

வேலை விஷயமாக மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ போகிறவர் பகல் ஒரு மணிக்குப் பசியோடு தெருவில் இறங்கினால், இரண்டு ஊரிலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பயனில்லை. மும்பையில் "இது எந்த ஊர்க்காரர் கடை?" என்று கேட்க வேண்டும். கொல்கத்தாவில் "இன்றைக்கு என்ன மீன்?" என்று கேட்க வேண்டும். "பக்கத்தில் நல்ல ஹோட்டல் எது?" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: குளிரூட்டிய அறை, தடிமனான மெனு அட்டை, பன்னீர் பட்டர் மசாலா. அதைச் சாப்பிட அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டுமே ஆங்கிலேயர் காலத்துத் துறைமுகங்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பிழைக்க வந்த தனி ஆண்களால் பெருத்தவை. மும்பையில் 1850களில் பருத்தி ஆலைகள் வரத் தொடங்கின. கொங்கணக் கரையிலிருந்தும் தக்காணத்து மேட்டு நிலத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். கொல்கத்தா 1911 வரை நாட்டின் தலைநகர். வங்காளத்து மாவட்டங்களிலிருந்து குமாஸ்தாக்களும் கல்லூரிப் பையன்களும் வந்து 'மெஸ் பாடி' எனப்படும் விடுதி வீடுகளில் அடைந்து கிடந்தார்கள். இந்தத் தனி ஆளுக்குச் சோறு போடுவதற்காக எழுந்தவைதான் இந்த இரு நகரங்களின் நல்ல பழைய சாப்பாட்டுக் கடைகளில் பல. எனவே ஒரு பெட்டியோடு வந்து மூன்று நாள் மீட்டிங் முடித்துத் திரும்பும் ஆசாமி அங்கே அந்நியர் அல்ல. அந்தக் கடைகள் யாருக்காகத் திறக்கப்பட்டனவோ, அவருடைய வாரிசு. படம் எடுக்க வரும் சுற்றுலாப் பயணியைவிட அவருக்குப் பாத்தியதை அதிகம்.

மும்பையின் கதை கானாவளில் தொடங்குகிறது. ஆலைப் பகுதியான கிரண்காவில் பெண்கள் தங்கள் ஒற்றை அறைக் குடியிருப்பிலேயே ஆலைத் தொழிலாளர்களுக்கு மாதக் கணக்கில் சமைத்துப் போட்டார்கள். இரத்தினகிரிக்காரன் இரத்தினகிரிக்காரி வீட்டில் சாப்பிட்டான். சாத்தாராக்காரனுக்குச் சாத்தாராச் சமையல். அந்தப் பெண்களை ஒன்றுசேர்த்து 1975இல் பிரேமா புரவ் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல் அவர்களுக்கு வங்கிக் கடன் வாங்கித் தந்தது. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இன்று அந்த நிலத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. கானாவளின் வழக்கம் மட்டும் ஊர் முழுக்கத் தங்கிவிட்டது: ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் அவரவர் அடுப்பு.

இதனால் மும்பையில் சாப்பாட்டுக்கு வழி தேடுவது ரயில் வரைபடத்தைப் படிப்பதுபோலத்தான். ஃபோர்ட் பகுதியில் வேலை என்றால் மங்களூர்க் கடற்கரைக்காரர்களின் 'லஞ்ச் ஹோம்'கள் இருக்கின்றன. அவை அலுவலகச் சிப்பந்திகளின் மதியச் சாப்பாட்டுக்காகப் பிறந்தவை. சில வளர்ந்துவிட்டன, மகேஷ் லஞ்ச் ஹோமில் இன்று நண்டு சாப்பிட்டு எழுந்தால் பில் எந்தச் சிப்பந்திக்கும் கட்டுப்படியாகாது. கால்பாதேவி பக்கம் ஜவுளி வியாபாரம் பேசப் போனால் குஜராத்தியர் கடை: 1945இல் தொடங்கிய ஶ்ரீ தாக்கர் போஜனாலயாவில் உட்கார்ந்தவுடன் தட்டு நிறைந்துவிடும், 'போதும்' என்று கையால் மறைத்தாலும் விரல் இடுக்கில் நெய் விழும். தாதரில் மராத்தியர் கடை, மிசலும் தாலிபீட்டும். பல்லார்ட் எஸ்டேட்டில் கப்பல், சுங்க விவகாரம் என்றால் 1923இலிருந்து நடக்கும் பிரிட்டானியா. இரானிலிருந்து வந்த ஜொராஸ்திரியர்களின் கடை, இரானியப் புளிப்புப் பழம் தூவிய பெர்ரி புலாவ். மால்வணிக் கடையானால் வறுத்த சுறுமை, அதாவது நம் வஞ்சிரம், கூடவே தேங்காய்ப்பாலில் கோகம் புளி கரைத்த இளஞ்சிவப்பு சோல் கடி. பொம்பில் மீனை ரவையில் புரட்டி மொறுமொறுவென்று வறுத்துத் தருவார்கள். அதைச் சாப்பிடாமல் திரும்புகிறவரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரே தெருவில் ஐந்து ஊர்க்காரர் கடை இருக்கலாம். ஐந்திலும் ஐந்து ஊரின் உணவும் கிடைக்கிறது என்று பலகை போட்டிருப்பார்கள். அங்கேதான் அந்தக் கேள்வி உதவும். உடுப்பிக்காரர் கடையில் பாவ் பாஜியும் சைனீஸும் போடுகிறார்கள்; கேட்கிறவர்களுக்காகப் போடுகிறார்கள். கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் சாமி படத்தைப் பார்த்து, அந்த ஊர்ச் சமையலைக் கேட்டால் ஏமாற்றம் குறைவு.

கொல்கத்தாவில் இந்த உத்தி பலிக்காது. அங்கே பைஸ் ஹோட்டல்கள் பெரும்பாலும் ஒரே சமையலைச் சமைக்கின்றன: வங்காளி வீட்டுச் சாப்பாடு. அடுப்படியில் நிற்பவர் ஒடிசாக்காரராகவே இருந்தாலும், கடைக்குப் பெயர் வாங்கித் தருவது வங்காளி ருசிதான். ஒரு ரூபாய்க்கு அறுபத்து நான்கு பைசா இருந்த காலத்தில் சில பைசாவுக்கு வயிறு நிறைந்ததால் வந்த பெயர்தான் 'பைஸ் ஹோட்டல்'. கல்லூரித் தெருவுக்குப் பக்கத்தில், பவானி தத்தா சந்தில், சுவாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல் இருக்கிறது. சுபாஷ் சந்திர போஸ் மாணவராக இருந்தபோது சாப்பிட்ட இடம் என்று அதைச் சொல்வார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் 'சுவாதீன் பாரத்' என்ற முன்னொட்டு சேர்ந்தது. நியூ மார்க்கெட் பக்கம் ஜான்பஜாரில் சித்தேஸ்வரி ஆசிரமம். தெற்கே லேக் மார்க்கெட் அருகில் 1915இலிருந்து தருண் நிகேதன்.

இவற்றில் எதற்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது கரும்பலகை. அன்று காலை சந்தையில் கிடைத்தது சுண்ணக்கட்டியில் எழுதியிருக்கும். ருயி, கட்லா, பாப்தா, பார்ஷே, இறால். பருவமானால் இலிஷ், நாம் உல்லம் என்கிற மீன். அதே ருயி கடுகுக் குழம்பிலும் வரும், மெல்லிய சீரகச் சாற்றிலும் வரும். வாழைப்பூவில் மோச்சார் கொண்டோ. கசகசா அரைத்த போஸ்தோ. முதலில் கசப்பான சுக்தோ. கடைசியில் இனிப்பான சட்னி. நமக்குப் பாகற்காயை முதல் கவளத்தில் போடுவது விநோதம். ஆனால் வெயில் காலத்தில் வங்காளத்தில் நாலு நாள் இருந்தால் அந்தக் கசப்பு எதற்கென்று நாக்குக்கே தெரிந்துவிடும்.

இரண்டு மணிக்குப் போனால் பலகையில் பாதி அழிந்திருக்கும். அழிந்திருப்பது நல்ல அறிகுறி. தீர்ந்ததை அழிக்கிற கடை, நேற்றையதை இன்று சூடுபண்ணுவதில்லை.

விலை வைக்கும் முறையில்தான் இரண்டு ஊரும் எதிரெதிரே நிற்கின்றன. மும்பையின் குஜராத்தித் தாலிக்கு ஒரே விலை. எவ்வளவு சாப்பிட்டாலும் அதுதான். பசியோடு வந்தவருக்கு லாபம், சொற்பமாகச் சாப்பிடுகிறவருக்கு நட்டம். பைஸ் ஹோட்டலில் சோறு தனி, பருப்பு தனி, மீன் தனி. வாழையிலைக்கும் மண் குவளைக்கும்கூடத் தனித்தனியாகக் காசு வாங்கும் கடைகள் உண்டு, எலுமிச்சைத் துண்டுக்கும்தான். கேட்கும்போது கஞ்சத்தனம்போல இருக்கும். யோசித்தால், கையில் இருக்கிற காசுக்குக் குமாஸ்தா தன் சாப்பாட்டைத் தானே வெட்டித் தைத்துக்கொள்ள விட்ட ஏற்பாடு. மாத முதல் வாரத்தில் மீன்தலை, கடைசி வாரத்தில் பருப்பும் பொரித்த கத்தரிக்காயும். பரிமாறுகிறவர் எதையும் எழுதிக்கொள்வதில்லை. கை கழுவ எழுந்ததும், நீங்கள் சாப்பிட்ட பத்துப் பன்னிரண்டு அயிட்டத்தையும் ராகம் போட்டுக் கல்லாவை நோக்கி ஒப்பிப்பார். கல்லாக்காரர் கூட்டிச் சொல்வார். வெளியூர்க்காரருக்கு இந்த முறை இன்னொரு விதத்திலும் வசதி: தெரியாத பண்டம் நான்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் பார்க்கலாம். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். மும்பைக்காரர்கள் மன்னிக்கட்டும்.

கொல்கத்தாவிலும் வந்தேறிகளின் அடுப்பு இல்லாமலில்லை. 1856இல் ஆட்சியை இழந்து மெட்டியாபுருசுக்கு வந்த லக்னோ நவாப் வாஜித் அலி ஷாவோடு சேர்த்துச் சொல்லப்படும் உருளைக்கிழங்கு பிரியாணி இருக்கிறது. டிரெட்டா பஜாரில் விடிகாலையில் சீனர்களின் காலை உணவு இருக்கிறது. ஒன்பது மணி மீட்டிங்குக்கு முன் போய்வரலாம், சீக்கிரம் எழுகிறவராக இருந்தால்.

இதெல்லாம் பழைய வியாபாரப் பகுதிகளுக்குச் சரி. இன்று நிறைய வேலை மும்பையில் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸிலும் கொல்கத்தாவில் சால்ட் லேக் செக்டர் ஐந்திலும் நடக்கிறது. இரண்டும் திட்டம் போட்டுக் கட்டியவை. முன்னதில் நடைபாதையில் பசியாற இடம் காண்பது கஷ்டம். கட்டடங்களுக்குள் இருக்கும் உணவகங்களில் காப்பி விலையே ஒரு தாலி விலை. ஆனால் பாந்த்ரா கிழக்கில், நெடுஞ்சாலை ஓரம் காந்தி நகரில், ஹைவே கோமாந்தக் இருக்கிறது. ஆட்டோவில் கொஞ்ச நேரம். மதியம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். செக்டர் ஐந்தில் நேர்மாறு. கண்ணாடிக் கட்டடங்களின் காலடியிலேயே தார்ப்பாய்க் கடைகள் வரிசையாக முளைத்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க மென்பொருள்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து சோறும் மீன் குழம்பும் சாப்பிடுகிறார்கள். பழைய அலுவலகப் பகுதியின் டேக்கர்ஸ் சந்தில், சித்தோ பாபு கடையின் ஸ்டூவையும் ரொட்டியையும் சுற்றி நடப்பதன் புதுப் பதிப்பு அது. கொல்கத்தா தன் மதியச் சாப்பாட்டை அலுவலகம் போன இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறது. மும்பையில் நாம்தான் சாப்பாடு இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

செயலியைப் பார்த்துப் போகலாமே என்பார்கள். சொமாட்டோ தொடங்கியதே அலுவலக மதியச் சாப்பாட்டிலிருந்துதான்: டெல்லியில் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் ஊழியர்கள் இருவர், சகாக்கள் மெனு அட்டைக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்து, அட்டைகளை ஸ்கேன் செய்து போட்டார்கள், 2008இல் அது ஒரு தளமானது. அட்டை இருக்கும் கடைக்கு அது பிறந்த நாளிலிருந்தே நண்பன். தினமும் அழித்து எழுதும் கரும்பலகைக்கு அதனால் என்ன செய்ய முடியும்? மும்பையில் பரவாயில்லை, ஊர்ப் பெயரைப் போட்டு, 'மால்வணி', 'மங்களூர்' என்று தேடினால் கடை அகப்படும். கொல்கத்தாவில் நீங்கள் பார்க்கப் போன அலுவலகத்தில் ஓய்வுபெறும் வயதில் இருக்கும் ஒருவரைக் கேளுங்கள். அவர் ஒரு கடையைச் சொல்வார். பக்கத்து மேஜைக்காரர் அதை மறுத்து இன்னொன்றைச் சொல்வார். சண்டை பெரிதானால் நல்லது. கடைசியில் இருவரில் ஒருவர் கூடவே கிளம்பிவிடுவார்.

தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது. ஆண்களுக்காகப் பிறந்த கடைகள் இவை. நெருக்கமான பெஞ்சு, முழங்கை இடிக்கும் மேஜை. மும்பையின் உடுப்பிக் கடைகளில் எந்த நேரத்திலும் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்; இந்த ஒரு விஷயத்தில் மும்பை வெகுதூரம் முன்னால் இருக்கிறது. கொல்கத்தாவின் பழைய 'கேபின்' உணவகங்கள் பெண்களுக்காகத் திரைபோட்ட தடுப்பறை வைத்திருந்தன. அக்கறைதான், ஆனால் ஒளித்துவைக்கும் அக்கறை. தருண் நிகேதன் மாதிரி இடங்களுக்கு இப்போது குடும்பங்களும் வருகின்றன.

தமிழருக்கென்று ஒரு சபலமும் இரண்டு ஊரிலும் காத்திருக்கிறது. மாதுங்காவில் 1940இலிருந்து கஃபே மெட்ராஸ், 1942இலிருந்து ராமா நாயக்கின் உடுப்பி ஶ்ரீ கிருஷ்ணா போர்டிங். லேக் மார்க்கெட்டில் கோமள விலாஸும் ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோமும். முதல் நாளே அங்கே ஓடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி, ரசத்துக்கு மனசு ஏங்கும்போது போகலாம். மாதுங்காவும் தெற்கிலிருந்து வந்த குமாஸ்தாக்களின் கானாவள்தானே.

கடைசியாக ஒரு லௌகீகப் பிரச்சினை. மும்பை லஞ்ச் ஹோமில் ஜிஎஸ்டி எண்ணோடு அச்சடித்த பில் தருவார்கள். பைஸ் ஹோட்டலில் பில் கேட்டால் பல இடங்களில் சீட்டு நுனியில் கூட்டல் கணக்குத்தான் கிடைக்கும், சில இடங்களில் அதுவும் வாயால்தான். ஊர் திரும்பியபின் கணக்குப் பிரிவில் அதை யாரும் ஏற்கமாட்டார்கள். நாளொன்றுக்கு இவ்வளவு என்று படி தரும் கம்பெனியில் வேலை செய்பவருக்குக் கவலையில்லை. மற்றவர்கள் காலைச் சிற்றுண்டியையும் ராத்திரிச் சாப்பாட்டையும் தங்கும் ஹோட்டல் பில்லில் ஏற்றிவிட்டு, மதியத்தை மட்டும் சொந்தக் காசில் வைத்துக்கொள்வது நல்லது. கொல்கத்தாவில் அந்தத் தொகை சட்டைப்பையைப் பெரிதாகக் கடிக்காது, இலிஷ் வாங்காதவரைக்கும்.